எந்த சீட் போட்டாலும் வலிக்கிறதே!

2024 ஜூன் 9, கேள்வி

பெங்களூரில், பெல்லந்தூரில் இருக்கிறேன். மூன்று மாதம் முன்னால் ஹைபிரிட் சைக்கிள் வாங்கினேன். 20 கிலோமீட்டர் தாண்டினால் உட்கார முடியவில்லை. மறுநாள் ஆபீஸ் நாற்காலியில்கூட ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்காருகிறேன். சீட் எவ்வளவு மெத்தென்று இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்கிறார் கடைக்காரர். ஜெல் கவர் 600 ரூபாய். வாங்கிப் போட்டுவிடலாமா, இல்லை சீட்டையே மாற்றவா?

ஜூன் 9, இரவு

கவர் வேண்டாம். அந்த 600 ரூபாய்க்குப் பத்து நாள் மசால் தோசை சாப்பிடலாம்.

ஒரு நாற்காலியில் உள்ளங்கையை மல்லாத்தி வைத்து அதன்மேல் உட்கார்ந்து பாருங்கள். இரண்டு எலும்பு கையில் குத்தும். இடுப்பெலும்பின் அடிமுனைகள் அவை. நம் எடையைத் தாங்கப் படைக்கப்பட்டதே அந்த இரண்டுதான். கெட்டியான சீட்டில் எடை அவற்றின் மேல் இறங்கும். மெத்தை சீட்டில் எலும்பு உள்ளே அமுங்கிப் போகும். அமுங்கின அளவுக்கு நடுப்பகுதி மேலே பிதுங்கி வரும். பிதுங்கி எங்கே போய் அழுத்தும்? நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுகிற இடத்தில். முதல் பத்து நிமிஷம் சொகுசாக இருக்கும், முக்கால் மணி நேரத்தில் மரத்துப்போகும். கடையில் உட்கார்ந்து பார்ப்பது அந்தப் பத்து நிமிஷம்கூட இல்லை, பத்து வினாடி. அதனால்தான் மெத்தை சீட் விற்கிறது. திண்ணையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினவர்கள் யாரும் ஜெல் கேட்கவில்லை.

இதை நான் படித்துச் சொல்லவில்லை. ஆறு வருஷத்தில் நாலு சீட். முதலாவது சைக்கிளோடு வந்தது. இரண்டாவது ஜெல், ஆறே மாதத்தில் நடுவில் பள்ளம் விழுந்தது. மூன்றாவது நடுவில் பிளவு விட்ட ஒல்லி சீட். நாலாவது, போன தீபாவளிக்கு முன்னால் சைக்கிளை விட்டொழித்த ஒரு நண்பரிடம் 4,500 ரூபாய்க்கு வாங்கிய தோல் சீட், புரூக்ஸ் பி17. தேடல் அதோடு முடிந்தது. தோல் சீட் வாங்குங்கள், பொறுமையாக ஓட்டுங்கள், அது உங்கள் உடம்புக்குப் படியும். வேறு பேச்சே கிடையாது.

ஜூன் 10

எந்த அளவு வாங்குவது என்று உடனே கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன்.

பார்சல் வரும் அட்டைப்பெட்டியில் ஒரு துண்டு வெட்டுங்கள். உள்ளே நெளி நெளியாக இருக்குமே, அந்த அட்டை. மாடிப்படியில் வைத்து அதன்மேல் உட்காருங்கள். காலைக் கொஞ்சம் தூக்கி, முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னால் குனியுங்கள். ஒரு நிமிஷம் கழித்து எழுந்து பார்த்தால் அட்டையில் இரண்டு குழி இருக்கும். விரலால் தடவி ஆழமான இடத்தில் பேனாவால் புள்ளி வைத்து, இரண்டுக்கும் நடுவே ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். எனக்கு 118 மில்லிமீட்டர். அதோடு 20, 25 சேர்த்தால் 143 அளவு சீட் வரும். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறவர்களுக்கு இன்னும் அகலம் வேண்டும். குனிந்து ஓட்டினால் இடுப்பு முன்னால் உருளும். அங்கே எலும்பு குறுகலாகிக்கொண்டே போவதால் சீட்டும் ஒல்லியாக இருக்கலாம். ஆக, ஆளை மட்டும் அளந்தால் போதாது. அவர் ஹேண்டில்பார் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

விளையாட்டாக வீட்டம்மாவையும் அட்டையில் உட்காரச் சொன்னேன். 136. பெண்களுக்குப் பொதுவாக இது அகலம்தான். "அப்ப என் சைக்கிள்ல இருக்கிறது?" என்றாள். அவளுடையது நிமிர்ந்து ஓட்டும் லேடீஸ் சைக்கிள். அதோடு வந்த அகலமான ஸ்பிரிங் சீட்டைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, "நல்ல சீட்" என்று என் மூன்றாம் நம்பர் ஒல்லி சீட்டை மாட்டிக் கொடுத்தவன் நான்.

"தீபாவளிக்கு மாத்துனீங்க. அன்னையிலேர்ந்து அல்சூர் ஏரியை நின்னுக்கிட்டேதான் சுத்துறேன். உடம்புக்கு நல்லதோன்னு நினைச்சேன்."

இன்று சாயங்காலம் பரணிலிருந்து அவள் சீட் இறங்கியது.

ஜூன் 11

உட்காரும் இடத்தில் பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் தேவையா என்று கேட்டவருக்கு: வைத்திருக்கிறேன். எனக்கு அதனால் ஒரு லாபமும் தெரியவில்லை. உள்ளே உரசல் கூடத்தான் செய்கிறது.

ஜூன் 16

காலையில் நந்தி மலை. நாலரைக்கு அல்சூரை விட்டுக் கிளம்பினோம், மூன்று பேர். ஹெப்பால் தாண்டினால் தேவனஹள்ளி வரைக்கும் நேர் ரோடு. பல பேர் நினைப்பதுபோல் மலை ஏற்றத்தில் பின்பக்கம் வலிப்பதில்லை. ஏறும்போது எடை பெடலுக்கு இறங்கிவிடும், நடுநடுவே எழுந்து நின்றும் மிதிப்போம். சமதரையில் ஒரே நிலையில் உட்கார்ந்து உருட்டும்போதுதான் கதை. பெங்களூர் ரோட்டில் ஹம்ப்ஸுக்கு ஹம்ப்ஸ் பெடலில் எழுந்து நிற்க வேண்டியிருப்பது ஒரு வகையில் வரப்பிரசாதம்.

1,478 மீட்டர் உயரத்தில் மேகத்துக்குள் நின்று டீ குடித்தது வரை எல்லாம் சரி. திரும்பும்போது எலஹங்கா பக்கம் வந்தால் கீழே மரத்துப்போய்விட்டது. இடது எலும்பில் தனியாக ஒரு எரிச்சல். தோல் சீட்டில்! போன வாரம் இங்கே "வேறு பேச்சே கிடையாது" என்று எழுதின அதே ஆசாமிக்கு.

மரத்துப்போவதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வலி எலும்பில் என்றால் பழகிப்போகலாம். மரத்துப்போவது நரம்பும் ரத்த ஓட்டமும் அழுந்துவதன் அடையாளம், அதற்குப் பழகக் கூடாது. அமெரிக்காவில் தொழிலாளர் உடல்நலத்துக்கென்று இருக்கும் நியோஷ் என்ற அரசு ஆய்வு நிறுவனம், சைக்கிளில் ரோந்து போகும் 90 போலீஸ்காரர்களுக்கு மூக்கே (முன்னால் நீளும் ஒல்லிப் பகுதி) இல்லாத சீட்டைக் கொடுத்து ஆறு மாதம் ஓட்டச் சொன்னது. 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலோருக்கு மரத்துப்போவது நின்றுவிட்டது. அழுத்துவது சீட்டின் மூக்குதான். மூக்கில்லாத சீட்டில் தொடையால் சைக்கிளைத் திருப்பும் பிடிமானம் போய்விடும் என்பதால் டின் ஃபேக்டரி ஜங்ஷனில் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே நுழைந்து போகும் எனக்கு அது சரிப்படாது. ஆனால் மூக்கின் மேல் நான் ஏன் உட்கார்ந்திருந்தேன்? யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 23

11-ஆம் தேதிக் குறிப்பை வாபஸ் வாங்குகிறேன். கூட ஓட்டும் தம்பி ஒருவன் இன்று இதைப் படித்துவிட்டுப் போன் செய்தான். "அண்ணா, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே? ஷார்ட்ஸுக்குள்ள ஜட்டி போடுறீங்களா?"

போடாமல்?

போடக் கூடாதாம். பேட் நேராகத் தோலில் படத்தான் தைத்திருக்கிறார்கள். பேடில் தையலே இல்லாதபடி பார்த்துப் பார்த்துச் செய்வார்களாம். நான் அதற்கு உள்ளே, சரியாக எலும்புக்கு அடியில் ஓடும் தடித்த தையலோடு ஒரு பருத்தி ஜட்டி போட்டு ஆறு வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் காலத்தில் இந்தப் பேடே மெல்லிய ஆட்டுத்தோல்தான். ஒவ்வொரு தடவை துவைத்ததும் விறைத்துப்போகும் என்பதால் அதற்குத் தடவத்தான் முதலில் கிரீம் வந்ததாம். இப்போது தோல் போய்விட்டது, கிரீம் மட்டும் நின்றுவிட்டது. தேங்காய் எண்ணெயே போதும். துவைக்காமல் இரண்டாம் தடவை போடாதீர்கள், சீழ்க்கொப்பளம் வரும்.

இன்று போடாமல் 30 கிலோமீட்டர். உரசல் இல்லை. இடது எரிச்சல் மட்டும் அப்படியே.

ஜூன் 24

சிரித்தது போதும்.

ஜூலை 7

அல்சூர் மார்க்கெட் பக்கம் ஒரு சந்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பங்க்சர் தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவி, வேட்டியில் துடைத்துக்கொண்டு, சீட்டை மட்டும் பார்த்தார். சைக்கிளையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

தோல் சீட்டில் ஒரு வசதி, அது சாட்சி சொல்லும். என் சீட்டில் இரண்டு பள்ளம் விழுந்திருந்தது. இடது பள்ளம் ஆழமாக, எருமைக் கொம்பு மாதிரி கறுத்துப் பளபளப்பாக இருந்தது. வலதில் தோலின் சொரசொரப்புக்கூட இன்னும் முழுக்கப் போகவில்லை. அண்ணன் கட்டைவிரலால் இரண்டையும் மாறி மாறித் தடவினார். மூக்கின் இடது விளிம்பில் இருந்த ஒரு தேய்மானத்தையும் தொட்டுக் காட்டினார்.

"தம்பி, சீட்ல ஒண்ணும் இல்ல. நீங்க எட்டி எட்டி மிதிக்கிறீங்க. ஏறி உக்காருங்க."

செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலைப் பெடலில் வைக்கச் சொன்னார். பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீண்டு குதிகால் பெடலைத் தொட்டு நிற்க வேண்டும்; அப்போது முன்பாதத்தால் மிதிக்கையில் முழங்கால் லேசாக மடங்கும். என் குதிகால் பெடலைத் தொடவே இல்லை. வலது காலுக்கு இடுப்பை இறக்கினால் மட்டும் தொட்டது. ஆக, ஒவ்வொரு சுற்றுக்கும் இடுப்பு உரல் ஆட்டுவதுபோல் ஆடியிருக்கிறது. எட்டாததால் முன்னால் நகர்ந்து மூக்கில் ஏறியிருக்கிறேன். மரத்ததும் அதனால், இடது பக்கம் எரிந்ததும் அதனால். இரண்டு சென்டிமீட்டர் இறக்கினார். காசு வாங்கவில்லை. "சீட்டை மாத்துனப்ப உயரம் பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

பார்த்தேனே! சீட்டைத் தாங்கும் குழாயில், அதாவது சீட் போஸ்டில், கறுப்பு டேப் ஒட்டிக் குறி வைத்திருக்கிறேன். ஆறு வருஷமாக அது ஒரு மில்லிமீட்டர்கூட நகரவில்லை.

ஜூலை 8

ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் உறைத்தது. எழுந்துபோய் அளந்தேன்.

சீட்டின் அடியில் இரண்டு கம்பி ஓடும், ரெயில் என்பார்கள். போஸ்ட் அதைத்தான் கவ்வுகிறது. ரெயிலிலிருந்து சீட்டின் மேல்தளம் வரை எவ்வளவு உயரம்? மூன்றாம் நம்பர் சீட்டில் 43 மில்லிமீட்டர். தோல் சீட்டில் 65. போஸ்ட் அசையவில்லை, நான்தான் 22 மில்லிமீட்டர் மேலே போயிருக்கிறேன். இரண்டாம் நம்பர் ஜெல் பள்ளம் விழுந்தபோது கீழே போயிருப்பேன். அந்தக் காலத்தில் முழங்கால் வலித்தது ஞாபகம் இருக்கிறது; வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படியென்றால் நான் ஆறு வருஷமாக நாலு சீட்டை ஒப்பிடவே இல்லை. நாலு உயரத்தை ஒப்பிட்டிருக்கிறேன். ஜூன் 9 குறிப்பில் மெத்தையைப் பற்றி எழுதியது நிற்கட்டும். தோல் சீட் பற்றிய மூன்று வரியை அடித்துவிட்டுப் படியுங்கள்.

இனி சீட் மாற்றுகிறவர்கள் பெடல் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்தளம் வரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள், கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) போஸ்ட்டோடு ஒரே கோட்டில் இருக்கும்போது. புது சீட்டுக்கும் அதே அளவு. குறி போஸ்டில் இருக்கக் கூடாது, நோட்டில் இருக்க வேண்டும்.

ஜூலை 21

வீட்டம்மாவிடமிருந்து திரும்பிய மூன்றாம் நம்பர் சீட்டை, அளந்து, சரியான உயரத்தில் மாட்டி இரண்டு வாரம் ஆபீஸ் போய்வந்தேன். ஒயிட்ஃபீல்டுக்கு ஒரு வழி 15 கிலோமீட்டர் சொச்சம். ஒன்றுமே இல்லை. வலியும் இல்லை, மரத்துப்போகவும் இல்லை. சீட் என்று ஒன்று இருப்பதே கே.ஆர். புரம் சிக்னலில் நிற்கும்போதுதான் ஞாபகம் வந்தது.

4,500 ரூபாய்.

ஆகஸ்ட் 4

தோல் சீட்டை விற்றுவிடுங்களேன் என்கிறீர்கள். மனசு வரவில்லை. அப்பாவின் ஹெர்குலிஸில் இருந்ததும் தோல் சீட்தான். பின்னால் சுருள் ஸ்பிரிங், மேலே குஞ்சலம் தொங்கும் வெல்வெட் கவர். நான் குரங்குப் பெடல் போட்ட வயதில் அந்த சீட் என் தோளுக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருக்கும். உட்கார எட்டாது, அதனால் வலிக்கவும் இல்லை.

இந்த புரூக்ஸ் கதை வேடிக்கையானது. 1866-ல் பர்மிங்காமில் குதிரைச் சாமான்களும் தோல் சரக்கும் செய்ய ஆரம்பித்தவர். குதிரை செத்துப்போனதால் சைக்கிளில் ஏறினார், சீட் குத்தியது, தானே ஒன்று செய்தார் என்று சொல்வார்கள். 1882-ல் சீட்டுக்குப் பேட்டன்ட். பி17 என்ற மாடல் 1890-களிலிருந்து இருக்கிறது. ஆங்கிலத்தில் குதிரை மேல் போடுவதற்கும் சைக்கிள் சீட்டுக்கும் சாடில் என்ற ஒரே சொல்தான். தமிழில் சேணம் என்று எழுதுங்கள் என்று ஒருவர் அறிவுரை சொல்லியிருக்கிறார். எழுதலாம்தான், ஆனால் "அண்ணே, சேணம் லூசாயிடுச்சு" என்று சந்துக் கடையில் போய் நின்றால் அவர் என்னையா சைக்கிளையா பார்ப்பார்?

ஆகஸ்ட் 18

தோல் சீட் மழையில் நனைந்துவிட்டது. தப்பு என்னுடையது. மேலே பாலிதீன் பை கட்டினேன், மட்கார்டு போடவில்லை. பின் டயர் அடித்த சேற்றுத் தண்ணீர் கீழிருந்து ஏறித் தோல் ஊறிவிட்டது. வெயிலில் காயவைத்துத் தேங்காய் எண்ணெய் தடவலாம் என்று அம்மா சொல்ல, நல்லவேளை, ஆம்பூரில் இருக்கும் மாமாவுக்குப் போன் போட்டேன். முப்பது வருஷம் தோல் பதனிடுகிற இடத்தில் வேலை பார்த்தவர். போட்டோ அனுப்பச் சொல்லி, ஓரத்தில் வெட்டின இடம் எப்படித் தெரிகிறது என்று கேட்டார். உள்ளுக்குள்ளும் பழுப்பாகத்தான் இருந்தது.

"மரப்பட்டையில பதம் பண்ணினதுடா மாப்ள. நம்ம ஊர்ல ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பண்ணுவோமே, அந்த சாதி. ஷூவுக்குப் போற குரோம் தோல் மாதிரி இல்ல. தண்ணி பட்டா இளகும், இளகினதுல உக்காந்தா நீண்டுடும். நிழல்ல போடு, ரெண்டு நாள் தொடாத. எண்ணெய் ஊத்தாத, ஊறி வெத்தலை மாதிரி தொங்கிடும். மெழுகு கலந்தது ஏதாவது இருந்தா மேல மட்டும் தேய்."

நண்பர் சீட்டோடு கொடுத்த டப்பாவில் இருந்தது அந்த மெழுகுதான். கொழுப்பும் தேன்மெழுகும் கலந்தது. வீட்டுக்குள் வைத்துத் தேய்க்கத் தடை. மொட்டைமாடியில் தேய்த்தேன். மூக்குக்கு அடியில் இருக்கும் போல்ட்டை முறுக்கித் தொய்வை எடுக்கலாம், ஆனால் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். மழைக்காலம் முடியும் வரை பிளவு சீட், டிசம்பரிலிருந்து மே வரை தோல் என்று முடிவு.

செப்டம்பர் 15

கோலார் பக்கம் 200 கிலோமீட்டர் பிரவே, அதாவது கெடுவுக்குள் ஓட்டி முடிக்க வேண்டிய நெடுந்தூர சவாரி. பதின்மூன்றரை மணி நேரக் கெடு, பதினொன்றே முக்காலில் முடித்தேன், பிளவு சீட்டில். 150-க்கு மேல் வலித்ததா என்றால் வலித்தது. எல்லாருக்கும் வலித்தது. எந்த சீட்டும் சோபா ஆகிவிடாது. ஒன்று கவனித்தேன்: கால் களைத்த பிறகுதான் பின்பக்கம் வலிக்கிறது. காலில் தெம்பு இருக்கும்வரை எடையில் ஒரு பங்கைப் பெடல் வாங்கிக்கொள்கிறது. அழுத்தம் குறையக் குறைய மொத்தமும் சீட்டுக்கு வருகிறது. புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு 20 கிலோமீட்டரிலேயே வலிப்பதில் இதற்கும் பங்கு இருக்கும். ஜூன் 9 அன்றே இதைச் சொல்லியிருக்க வேண்டும், தோன்றவில்லை.

அக்டோபர் 12

நேற்று ஆயுத பூஜை. அம்மா இரண்டு சைக்கிளுக்கும் பொட்டு வைத்தாள். ஹேண்டில்பாருக்கு ஒன்று போதாதா? சீட்டுக்கும் சந்தனம் குங்குமம், நடு சென்டரில். கவனிக்காமல் காலையில் வெள்ளை டிராக் பேன்ட்டோடு ஏறி உட்கார்ந்து ஃப்ரேசர் டவுன் வரை போய்விட்டேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர் பதறிப்போய், "சார், அடி பட்டிருச்சா?" என்று தமிழிலேயே கேட்டார். இந்த வாரம் ஓட்டுகிறவர்கள் ரோட்டைப் பாருங்கள், முக்குக்கு முக்கு உடைத்த பூசணிக்காய். டயர் அதில் ஏறினால் சோப்பில் ஏறியது மாதிரி.

அக்டோபர் 20

கேள்வி கேட்ட பெல்லந்தூர்க்காரர் இன்று மழை விட்ட நேரமாகப் பார்த்து அல்சூருக்கே வந்துவிட்டார். சைக்கிளில் ஜெல் கவர் இருந்தது. 600 இல்லையாம், பேசி 450-க்கு வாங்கினாராம்.

கவரைக் கழற்றிப் பார்த்தால் சீட்டின் மூக்கு இரண்டு விரல்கடை மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. கடையில் மாட்டிக் கொடுத்தபடியே ஏழு மாதம் ஓட்டியிருக்கிறார். மெத்தைக்கு அடியில் அது தெரியவே தெரியாது. அட்டையில் உட்காரவைத்து அளந்தோம், 121. அவர் சீட் 150-க்குப் பக்கம், தாராளம். ஆலன் கீயால் மூக்கை மட்டமாக்கி, குதிகால் பார்த்து உயரத்தை ஒரு சென்டிமீட்டர் ஏற்றினேன். ஏரியை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். "சார், வேற சைக்கிள் மாதிரி இருக்கு" என்றார். இன்னும் ஒரு மாதம் ஓட்டிவிட்டுச் சொல்லுங்கள் என்றேன்.

கவரை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். அம்மா அதைத் தன் முக்காலிக்கு மாட்டி, கயிற்றை அடியில் இறுக்கி முடிந்து, அதில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள். மெத்தென்று இருக்கிறதாம்.